இரண்டு பேருக்கு ஒரே துடிப்பு

திருவொற்றியூரில் ஒரு சின்ன லேபில் இசிஜி எடுக்கும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் நான். மார்பில் ஒட்டும் ரப்பர் குமிழ்களைத் தொடவே எனக்குக் கூசும். ஜெல், வேர்வை, உதிர்ந்த முடி எல்லாம் உள்ளே பிசுபிசுவென்று சேர்ந்திருக்கும். பத்துப் பேருக்கு ஒரே பஞ்சால் துடைக்கச் சொல்வார் முதலாளி. அருவருப்பு என்றால் அதுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் டேங்குக்குள் இறங்கிக் கழுவும் ஆட்களுக்கு, கேட் பாஸ் வாங்க இசிஜி வேண்டும். ஒருநாள் காலையில் மேஸ்திரி ஆறு பேரைக் கூட்டிவந்தார். அவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

“சீக்கிரம் எடு நைனா, இன்னும் டிபன் துன்னல” என்று படுத்தார்.

இதயத்தில் நான்கு அறைகள். மேலறைகள் இரண்டும் முதலில் சுருங்கி இரத்தத்தைக் கீழே தள்ளும். பிறகு கீழறைகள் சுருங்கும். வலதிலிருந்து நுரையீரலுக்கும் இடதிலிருந்து உடம்புக்கும் இரத்தம் போகும். காகிதத்தில் மேலறைக்கு ஒரு சின்ன மேடு விழும், கீழறைக்கு உயரமான கூர்முனை. மாமாவின் காகிதத்தில் அந்தச் சின்ன மேடே இல்லை, வெறும் நடுக்கம். கூர்முனைகளும் தாறுமாறான இடைவெளியில் விழுந்தன. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கினால் இரத்தம் அங்கேயே தேங்கி உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்து, மாமா டேங்குக்குள் விழுந்தால்?

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டார். “இன்னாபா, கோணலா கீதா? வுடு. அந்தா நிக்கிறானே, அவன இன்னொரு தபா படுக்க வை. பேர மட்டும் மாத்திப் போடு.”

சற்றுமுன் இசிஜி எடுத்து எழுந்த வாட்டசாட்டமான ஆள் மறுபடி சட்டையைக் கழற்றினான். “நம்ம மிஷினு நல்லா ஓடும் மாமு. போன வருசமும் ரெண்டு பேருக்கு நாந்தான் படுத்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும். குமிழ்களைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. மாமாவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

“பாஸ் இல்லன்னா வூட்ல அடுப்பு எரியாது. அது உன் மிஷின்ல தெரியுதா?”

“ஆஸ்பத்திரிக்கு வா மாமா. மாத்திர குடுப்பாங்க.”

“வர்றேன்பா. நீ மொதல்ல பேர போடு. நாளைக்கிக் காலைல வந்து நிக்கிறேன், சத்தியமா.”

ஒத்துக்கொண்டேன். ஈரம் காயாத அதே குமிழ்களை அந்த ஆளின் மார்பில் திரும்ப ஒட்டினேன். அழகான மேடுகள், சீரான கூர்முனைகள். அதன்மேல் மாமாவின் பெயரை எழுதியது நான்தான்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் ஏழு மணியிலிருந்து நின்றேன், உண்மையான காகிதம் சட்டைப் பையில் இருக்க. மாமா வரவில்லை. போன் செய்தால், “ஞாயித்துக்கெழம போலாம் நைனா. இப்ப எறங்கணும்” என்று வைத்துவிட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்த இசிஜி பொய் என்றேன்.

“தெரியும்பா. அதுக்கு இன்னா இப்ப?”

ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போய் உண்மையான காகிதத்தை அதிகாரியிடம் நீட்டினேன். பெயர் மாற்றியது நான் என்றும் சொன்னேன். என் வேலை அன்றே போனது. மாமாவை டேங்கிலிருந்து ஏற்றி, பாஸைப் பிடுங்கி வெளியே அனுப்பினார்கள். உடம்பெல்லாம் எண்ணெய்க் கசடோடு வந்தவர் என் காலடியில் துப்பினார்.

“தூ! இதுக்குத்தான் படிச்சியா?”

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். வாங்கிவருவது நான். கதவைத் திறப்பது எப்போதும் அத்தைதான், மாமா இல்லை.