பத்தாம் பாகத்துக்குக் காத்திருந்த மெர்ல்

இதய வால்வு பழுதாகிவிட்டது, சீக்கிரம் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் மெர்ல் ஓஸ்ட்பி கேட்ட முதல் கேள்வி, "ஜூன் வரைக்கும் தாங்குமா?" என்பதுதான்.

ஜூனில் மகளுக்குக் கல்யாணம், அல்லது பேரன் பிறக்கப்போகிறான் என்று டாக்டர் ரெனாட்டா வோகெல் நினைத்திருப்பார். பக்கத்து நாற்காலியில் இருந்த பெர்னடீனோ தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிய மனைவிக்குத் தெரியாதா? ஜூனில் ஒரு மண்ணும் கிடையாது. 'உப்பு மகுடம்' நாவல் வரிசையின் பத்தாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், மார்ச்சில் வருகிறது. அதைத் தொடுவதற்கு முன் முதல் ஒன்பதையும் மறுபடி முதலிலிருந்து படித்தாக வேண்டும். இது அந்த நாவலைப் படிக்கிறவர்களிடையே எழுதாத சட்டம். புதுப் பாகம் வரும்போதெல்லாம் அப்படித்தான் செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு மெர்ல் போய்ச் சேர ஜூன் ஆகிவிடும். அதற்குப் பிறகு நெஞ்சைப் பிளந்தால் என்ன, பிளக்காவிட்டால் என்ன?

மினசோட்டாவின் வட கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். மெர்ல் இங்கே சாலைப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், வாய் அதிகம் திறக்காதவர், யாருடைய வாசலையும் பனியால் அடைத்துவிட்டுப் போகாதவர். குளிர்காலத்து விடுமுறை நாட்களில் உறைந்த ஏரியின் மேல் தன் மீன்பிடிக் குடிலை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார். உள்ளே சின்ன அடுப்பு, மடக்கு நாற்காலி, பனிக்கட்டியில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு தூண்டில். தூண்டிலில் இரை வைக்கமாட்டார். இரை வைத்தால் மீன் கடிக்கும், கடித்தால் புத்தகத்தைக் கீழே வைக்கவேண்டி வரும். மனிதர் ஒரு மீனாவது கொண்டுவந்து நாங்கள் பார்த்ததில்லை.

அந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் ஒரு கொல்லன் மகன் குதிரைக்கு லாடம் அடிக்கிறான். அது யாருடைய குதிரை என்பது நாலாம் பாகத்தில்தான் தெரியவரும், அதற்குள் மூன்று ராஜ வம்சங்கள் பூண்டோடு அழிந்துவிடும். எவ்ரன் என்ற பெயரில் ஏழு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் ஒரே ஆள். ஒரு விருந்து நடக்கிறது பாருங்கள், படித்து முடிப்பதற்குள் நமக்கு ரெண்டு தரம் பசித்துவிடும். ஒன்பதாம் பாகத்தின் கடைசி வரியில் இளவரசி இல்வரீன் மலை உச்சியிலிருந்து குதித்தாள். பதினோரு வருஷமாகியும் அவள் இன்னும் கீழே வந்து சேரவில்லை. எழுத்தாளர் எழுதவில்லை, அவ்வளவுதான்.

இத்தனை வருஷமும் மெர்ல் தன் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படவில்லை. எழுத்தாளரின் நெஞ்சைப் பற்றித்தான் கவலை. ஏதோ ஒரு பேட்டியில் அந்த ஆள் இருமிவிட்டார், மெர்லுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நேராகத் தேவாலயத்துக்குப் போய், ஞாயிறு ஜெபத்தில் எழுத்தாளரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார்.

"உங்க சொந்தக்காரரா?" என்று பாஸ்டர் கேட்டார்.

"சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான் இப்படிக் கவலைப்பட மாட்டேன் பாஸ்டர்."

முகம் தெரியாத அந்த மனிதரின் நுரையீரலுக்காக ஊரே வாராவாரம் ஜெபித்தது. மெர்லுக்கு வால்வு பழுது என்று தெரிந்த பிறகு, "உன் பேரையும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லேன்" என்றாள் பெர்னடீன். "என் நெஞ்சு ஒண்ணும் புஸ்தகம் எழுதலையே" என்றார் மெர்ல்.

அன்றைக்கு டாக்டர் அறையில் நடந்த கூத்துக்கு வருகிறேன். ஜூன் பேச்சைக் கேட்ட டாக்டர் வோகெல் முதலில் கோபப்பட்டார், பிறகு காரணம் என்னவென்று விசாரித்தார். விசாரித்ததுதான் தப்பு. 'உப்பு மகுடம்' என்று காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நானும் அதைத்தான் படிச்சிட்டிருக்கேன்! நாலாம் பாகம்!"

மெர்ல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலாம் பாகமா? அப்போ அந்தக் கிழ ராணி இன்னும்..."

"ஐயோ, வேணாம்!" டாக்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"நான் சொல்லலையே டாக்டர். ஆனா மனசு சரியில்லேன்னா எனக்கு வாய் தவறிடும். நாளைக்கே ஆபரேஷன்னு சொன்னீங்கன்னா மனசு எப்படிச் சரியா இருக்கும்?"

எத்தனையோ நெஞ்சைப் பிளந்து தைத்த அம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இப்போதைக்கு மாத்திரை தர்றேன். ஆனா ஒண்ணு, மூச்சு வாங்க ஆரம்பிச்சா அன்னிக்கே வந்து படுக்கணும். சத்தியம் பண்ணுங்க" என்றார்.

மெர்ல் சத்தியம் பண்ணினார். பெர்னடீன் விருட்டென்று எழுந்தாள். காரில் ஏறியதும், "வெட்கமா இல்லே? படிச்ச டாக்டரை மிரட்டுறே!" என்று பிடித்துக்கொண்டாள். "மிரட்டலையே, ராணியைப் பத்தி மூச்சே விடலையே" என்று அப்பாவியாகச் சொன்னார் அவர்.

மார்ச் பிறந்தது, பத்தாம் பாகம் தபாலில் வந்தது. செங்கல் கனம். மெர்ல் அப்போது ஆறாம் பாகத்தில் இருந்தார். கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காதே என்று பயந்து, புதுப் புத்தகத்தை ஈரத் துண்டில் சுற்றி, கீழ்த்தளத்து ஃப்ரீசரில் மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் புதைத்துவிட்டார். ஈரத் துண்டு எதற்கு என்று கேட்காதீர்கள். கறியைச் சுற்றிய பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

அந்த வாரத்திலிருந்தே மூச்சு வாங்க ஆரம்பித்தது. மெர்ல் அதை மறைத்தார். வண்டியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் நின்று நின்று வருவார். கேட்டால், "பனி வழுக்குது" என்பார். படுக்கையை விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். கேட்டால், "கதை விறுவிறுப்பா இருக்கு" என்பார். கால் வீங்கி, பூட்ஸ் கயிறு கட்ட முடியாமல் போனது. கயிற்றைத் தொங்கவிட்டபடியே நடந்தார்.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றாள் பெர்னடீன்.

"ஆறாம் பாகம் முடியட்டும்."

"நீ செத்துப்போயிடுவே மெர்ல்!"

"அதான் அவசரமாப் படிக்கிறேன்!"

சொல்லிவிட்டு ஆறாம் பாகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். அடுப்படியில் பெர்னடீன் தனியாக நின்றாள். அவளுக்குப் பயம். இந்த மனுஷன் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பயமே கோபமாக மாறியது. விடுவிடுவென்று கீழே இறங்கினாள், ஃப்ரீசரைத் திறந்தாள், மான்கறியை வாரித் தரையில் போட்டாள்.

அரை மணியில் அவள் ஏரி நடுவில் நின்றாள். இடது கையில் பத்தாம் பாகம், வலது கையில் தேவாலயத்து பிங்கோ விளையாட்டுக்கு எண் கூப்பிடும் ஒலிபெருக்கி.

"மெர்ல் ஓஸ்ட்பி! மரியாதையா வெளிய வா! இல்லேன்னா கடைசிப் பக்கத்தைச் சத்தமாப் படிப்பேன்!"

மெர்லின் குடில் கதவு திறக்கவில்லை. மற்ற குடில்களின் கதவுகள்தான் படபடவென்று திறந்தன. பெட்ரோல் பங்க் டெல்பர்ட் பூட்ஸ்கூடப் போடாமல் காலுறையோடு பனியில் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள், ஆளுக்கொரு தடிப் புத்தகம், படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலைக் கொடுத்தபடி. மீன் பிடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் அத்தனை பேரும்! எங்கள் ஏரியில் மீன் ஏன் இவ்வளவு பெருத்துக் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

"பெர்னடீன், நீ நல்லா இருப்பே, படிச்சிடாதே!" டெல்பர்ட் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நான் எட்டாம் பாகத்துல இருக்கேன்!"

"அப்போ அவனை வெளிய இழுத்துட்டு வா!"

குடிலுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மெர்ல் காதைப் பொத்திக்கொண்டு, எதுவும் உள்ளே விழாதபடி, தேவாலயப் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். முதல் அடி பாடினார். இரண்டாம் அடியில் பாட்டு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கவில்லை, மூச்சு இல்லை.

பெர்னடீன் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தாள். ஒலிபெருக்கியை வாயில் வைத்துக் கத்தினாள்: "இல்வரீன்!"

அந்த ஒரு பெயர் போதும். பேய் துரத்தினாற்போல எல்லோரும் மெர்லின் குடிலுக்குப் பாய்ந்தார்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கி, மீன் சாமான் இழுக்கும் சறுக்குவண்டியில் வைத்து, கரைக்கு இழுத்தார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது, கை மட்டும் ஆறாம் பாகத்தை விடவில்லை. "ஆபரேஷன் பண்ணித் தொலைடா! உன் ஒருத்தனால ஊருக்கே கதை தெரிஞ்சிடும்!" என்று டெல்பர்ட் வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஓடினார்.

அன்று மாலையே ஆபரேஷனுக்கு ஏற்பாடாகிவிட்டது. உள்ளே கொண்டுபோகும் முன் மெர்ல் மனைவியின் கையைப் பிடித்தார்.

"பெர்னி, அந்தக் கடைசி அத்தியாயத்தை மட்டும் கொடு. நடுவுல விட்டதெல்லாம் போகட்டும். ஒருவேளை நான் திரும்பி வரலேன்னா, அவ என்ன ஆனான்னே தெரியாமப் போயிடுவேனே."

"கொடுக்க மாட்டேன்."

"ஏன் இப்படிப் பண்றே?"

"தெரிஞ்சுக்கிட்டா நீ நிம்மதியாப் போயிடுவே" என்றாள் பெர்னடீன். "நீ நிம்மதியாப் போக வேணாம் மெர்ல். விழுந்தாளா பொழைச்சாளான்னு தெரியாம, அரைகுறையா, என் மேல ஆத்திரத்தோட உள்ள போ. அப்பத்தான் திரும்பி வருவே."

மெர்ல் அவளையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் இப்படிப் பேசியதில்லை, அவரும் இப்படிக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "ஆத்திரமாத்தான் இருக்கு!" என்ற அவருடைய குரல் கதவு மூடும்வரை கேட்டது.

திரும்பி வந்தார். கண் விழித்து, தொண்டைக் குழாயெல்லாம் எடுத்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியும் புத்தகத்தைப் பற்றித்தான்: "ஏரியில எவ்வளவு தூரம் படிச்சே?"

"எங்க படிச்சேன்? ஈரத் துண்டுல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சா பக்கமெல்லாம் ஒட்டிக்காதா? பிரிக்கவே முடியலை. வெறும் பேரைத்தான் கத்தினேன்."

"பேரு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமாத் தூக்கத்துல கூப்பிடுறியே, 'இல்வரீன், பாத்து விழு'ன்னு."

மெர்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தையல் இழுத்து வலித்தது. அப்போதுதான் அவள் மடியைக் கவனித்தார். முதல் பாகம். காத்திருக்கும் நேரத்துக்கு இருக்கட்டும் என்று டெல்பர்ட் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"சும்மா புரட்டினேன்" என்றாள் பெர்னடீன், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆமா, அந்தக் குதிரை யாரோடது?"

மெர்ல் வாயைத் திறந்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சொல்லாதே! சொல்லிடாதே!"

அங்கேயே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவள் ஒன்பது பாகமும் முடிக்கும்வரை அவர் பத்தைத் திறக்கக்கூடாது, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்துதான் படிக்க வேண்டும். ஊரே சிரித்தது. மறு குளிர்காலம் வருவதற்குள் டெல்பர்ட் பத்தையும் முடித்துவிட்டார், டாக்டர் வோகெல்கூட ஒன்பதுக்கு வந்துவிட்டார். பெர்னடீன் இன்னும் இரண்டாம் பாகத்தில்தான் இருந்தாள்.

தடித்த வாரப்பத்திரிகையை ஒரே மூச்சில் முடிக்கிறவள் அவள். இந்தப் புத்தகம் மட்டும் நகர மாட்டேன் என்றது. "எந்த எவ்ரன்னு மறந்துபோச்சு" என்பாள், பின்னால் போவாள். மெர்ல் அவசரப்படுத்தாமல் இருந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேஜைக்கு எதிரிலிருந்து அவர் கண்ணால் பார்த்தார்: அவள் வாசித்து முடித்த இடத்தில் வைத்த சீட்டை, அவர் பார்க்கவில்லை என்று நினைத்து, ஐந்தாறு பக்கம் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, காபி எடுத்துவர எழுந்து போனாள்.

மெர்ல் அடுப்படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் புத்தகத்தைத் திறந்து, அந்தச் சீட்டை எடுத்து, இன்னும் பத்துப் பக்கம் பின்னால் வைத்தார்.