போடியாரின் வண்டி நடுங்கிய நாட்களில் எங்கள் காக்கா

எங்கள் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, இறைவனிடம் மீண்டு ஓராண்டு நிறைகிறது. அவரது கைத்திறனை ஊர் அறியும். ஆனால் ஒரு சம்பவம் எங்கள் குடும்பத்திலேயே பலருக்குத் தெரியாது. அவரோடு ஒரே கராஜில் வேலை செய்த தம்பி என்ற முறையில் அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

காக்கா கல்முனையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். கடலுக்குப் போய் எங்களை வளர்த்த வாப்பா நோயில் விழுந்ததும், படிப்பை விட்டு லொறி கராஜொன்றில் சேர்ந்தார். பின்னர் சொந்தமாகக் கராஜ் போட்டார். தங்கைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்துவைத்த பிறகே தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்.

ஆலையடிவேம்பில் பெரிய அளவில் வயல் செய்யும் போடியார் ஒருவர், முன்சில்லு, பின்சில்லு என்று நான்கு சக்கரமும் இழுக்கும் தமது லொறியை எங்களிடம்தான் திருத்துவார். ஓர் அறுவடைக்கு முன் அவர் வந்து புலம்பினார்.

“அம்பதத் தொட்டாப் போதும் காக்கா, அடித்தட்டே நடுங்குது. டயர் மாத்தியாச்சு, சில்லு பலன்ஸ் பண்ணியாச்சு. அந்த டிரைவர் கண்ட குழியிலயும் விழுத்திக் கெடுத்திட்டான். அவன வேலையில இருந்து நிப்பாட்டிட்டன்.”

காக்கா என்னை ஏற்றிக்கொண்டு கடற்கரை வீதியில் ஓட்டினார். நடுக்கம் தொடங்கிய வேகத்தில் கியரை விடுவித்து, எஞ்சினைத் தணியவிட்டார். நடுக்கம் தணியவில்லை. எஞ்சினில் பிழை இல்லை என்று அதிலேயே தெரிந்தது. திரும்பி வந்து, முன்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஓட்டினார். அப்போதும் நடுங்கியது. மிஞ்சியது பின் ஷாஃப்ட்தான்.

வண்டிக்கு அடியில் படுத்தவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. நானும் உள்ளே புகுந்தேன். ஷாஃப்டின் இரு முனைகளிலும் மூட்டைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். அவை கோணலாக நின்றன; நடுக்கம் அதனால்தான். சில மாதங்களுக்கு முன் அதைக் கழற்றிப் பூட்டியவர் காக்காவேதான்.

“காக்கா, குறொஸ் மூட்டு தேஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியப் போகுது?” என்றேன்.

“ஒரு மனிசன்ட தொழில் போயிரிக்கிடா தம்பி. மறுகா அவன்ட முகத்த நான் எப்படிப் பாக்கிற?”

கவைகளை நேராக்கிப் பூட்டினார். அந்தக் கோணலால் அடிபட்டிருந்த மூட்டுகளையும் புதிதாக மாற்றினார். பிறகு, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே போடியாரிடம் சொன்னார்: “பிழ என்ட கையில போடியார். டிரைவர் ஒண்டும் செய்யல்ல.”

போடியார் கோபத்தில் எழுந்து, வாய்க்கு வந்தபடி ஏசினார். காக்கா அவ்வளவையும் கேட்டு நின்றார். கடைசியில், “வாங்க, டிரைவர்ட வீட்ட போவம்,” என்று போடியாரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வரிப்பத்தான்சேனைக்கு வண்டியை விட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

டிரைவர் எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. காக்கா வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்கு ஓட்டத் தெரியா எண்டு என்ட புள்ளையளும் நம்பிட்டுதுகள், காக்கா.”

காக்கா லொறியின் சாவியை நீட்டினார். டிரைவர் அதை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நேர்வீதியில் அறுபதுவரை ஓட்டினார். போடியார் அடித்தட்டில் காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, “நாளைக்கே வேலைக்கு வா தம்பி, நான் அவசரப்பட்டிட்டன்,” என்றார். டிரைவர் கண்ணைத் துடைத்தது கண்ணாடியில் தெரிந்தது. அன்று எனக்கு என்னை நினைத்து வெட்கமாக இருந்தது. என் காக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கடைசி இரண்டு வருடங்கள் சிறுநீரக நோய் அவரை வாட்டியது. முணுமுணுக்காமல் தாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பின், மதினியின் கையைப் பிடித்தபடி அமைதியானார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர்களுக்கும், கப்றுக் குழி வெட்டியவர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க முடியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அவருக்காக இறைவனிடம் துஆச் செய்யுங்கள். அவரால் மனம் நொந்தவர் எவரேனும் இருந்தால் மன்னித்துவிடுங்கள். தெரிந்திருந்தால் அவரே உங்கள் வாசலுக்கு வந்திருப்பார்.