ஏரியை அளந்தவர்

நாட்டின் தலைவருக்கு நியாயம் எடுத்துச்சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. தேடியதில் நீரியல் விஞ்ஞானி ஒருவர் அகப்பட்டார். 'நீடித்த வளர்ச்சி மற்றும் நெறிமுறை ஆலோசகர்' என்று அவர் அறைக்கதவில் பலகை மாட்டினார்கள். இடம் பற்றாமல் 'நெறிமுறை' கீழ்வரிக்கு இறங்கியிருந்தது.

ஒரு காலத்தில் அவர் உருப்படியான வேலை செய்தவர்தான். நகரத்தின் ஓரத்தில் இருந்த ஏரியை ஒன்பது வருஷம், திங்கள்கிழமை தவறாமல், ரப்பர் படகில் போய் அளந்தார். எவ்வளவு மழையை அது விழுங்குகிறது, எத்தனை தெருக்களைக் காப்பாற்றுகிறது என்று வருஷத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். ஏரிக்குப் பின்னால் பள்ளத் தெருவில் அவருடைய அக்கா பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அளந்து முடித்த ஈரக்காலோடு அவள் வீட்டில்தான் சாப்பிடுவார்.

ஆலோசகரான புதிதில் இரண்டு திட்டங்களுக்குக் 'கூடாது' என்று எழுதினார். மூன்றாவதற்கும் எழுதியபோது தலைவரின் செயலாளர் கூப்பிட்டார்.

"சார், நீங்க சொல்றதுல தப்பில்ல. ஆனா 'கூடாது'ன்னு இருந்தா ஐயா படிக்கவே மாட்டார். 'கவனத்தோடு செய்யலாம்'னு போடுங்க. அர்த்தம் ஒண்ணுதானே?"

அர்த்தம் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியும். போட்டார். அந்த வாரமே மேஜையின் கோடியிலிருந்த அவர் நாற்காலி தலைவருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்புறம் 'கூடாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து பால்பல் மாதிரி விழுந்துபோனது. வேறு பல் முளைக்கவில்லை.

பல நாட்டுத் தலைவர்கள் கூடி இயற்கையைக் காப்பாற்றுவது பற்றிப் பேச ஒரு மண்டபம் வேண்டும் என்றார்கள். இடம் பார்த்தார்கள். ஏரியை மூடினால் தோதாக இருக்கும்.

"மூடினா ஏதாவது ஆகுமா?" என்று கூட்டத்தில் தலைவர் கேட்டார்.

ஆலோசகரின் பையில் நோட்டுகள் இருந்தன. அன்று காலை அவரே எடுத்துவைத்தவை. கை ஜிப்பு வரை போனது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வேற இடத்துல ஒரு குளம் வெட்டிட்டா சரியாப் போயிடும், ஐயா."

மண் லாரிகள் வரத் தொடங்கிய மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தாள்.

"நீயா சொன்னே?"

"நான் சொல்லலேன்னா வேற ஒருத்தர் சொல்லியிருப்பார், அக்கா. நான் உள்ள இருக்கறதாலதான் குளமாவது வருது."

"எங்க தெருத் தண்ணி அந்தக் குளத்தைத் தேடி நடந்து போகுமா?"

அவருக்குக் காது சுட்டது. மீட்டிங் இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

புது மண்டபத்தில் நடந்த மாநாட்டில், இன்னும் பிறக்காத தலைமுறைக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். பள்ளத் தெருவில் ஏற்கெனவே பிறந்து தொலைத்தவர்களைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வரி இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மண் கொட்டி மேடாக்கிய மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. பள்ளத் தெருவில் நெஞ்சளவு தண்ணீர். அக்காவைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். தையல் மெஷின் சேற்றுக்குள் போயிற்று. தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் யார்? ஆலோசகரேதான். 'ஏரியின் கொள்ளளவு பற்றி நம்பகமான தகவல் இல்லை' என்று அறிக்கையை எழுதத் தொடங்கியிருந்தார். நோட்டுகள் அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தன. துணி வைக்க இடம் தேடிய அக்கா கையில் அவை கிடைத்தன.

"இது யார் கையெழுத்து?"

"பழைய அளவு, அக்கா. இப்ப முறையெல்லாம் மாறிப்போச்சு."

அவள் அவற்றைத் தன் துணிகளோடு வைத்துக்கொண்டாள். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாளில் ஒன்பது நோட்டுகளையும் கொண்டுபோய்க் குழுவின் மேஜையில் வைத்தாள்.

"அளந்தது யாரும்மா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"நடுவுல உக்காந்திருக்காரே, அவர்தான்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, 'குடியிருப்பாளர் ஒருவரிடமிருந்து பெறப்பட்டது' என்று ரசீது எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

அன்று மாலையே அவள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அடுத்த மாதம் அவருக்குப் பதவி நீட்டிப்பு வந்தது. அக்கா இரண்டாவது மாடியில் ஓர் அறை பிடித்து, இரவல் மெஷினில் சீருடை தைக்க ஆரம்பித்திருந்தாள்.