நிறைந்துபோன மின்னஞ்சல் பெட்டி

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்வந்த சில ஆண்டுகளில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணினி அறிந்தவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அப்பெயருக்கு நான் முழுத் தகுதி உடையவன் அல்லன். தோட்டக் காரியாலயத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பின், ஹட்டன் நகரத்தில் தொலைபேசியும் கணினியும் வாடகைக்குத் தரும் கம்யூனிகேஷன் கடை ஒன்றில் உட்கார்ந்து, பிறர் செய்வதைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டது அது. மின்னஞ்சலைத் திறக்கவும் வாசிக்கவும் பதில் எழுதவும் தெரியும். எவை தெரியாது என்பது தெரியாது.

எங்கள் தோட்டத்தில் தொழிலாளர் எவருக்கும் தனி முகவரி இருந்ததில்லை. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதங்கள் யாவும் தோட்டத்தின் பெயருக்கே வரும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆட்கள் கூடும்போது, பெயர் கூப்பிட்டு நான் கொடுப்பேன். முப்பது ஆண்டுகள் அவ்வாறு பழகியவனுக்கு, மின்னஞ்சலுக்கும் ஒரே முகவரி போதும் என்று தோன்றியது. வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை செய்த ஒன்பது குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டியைத் திறந்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், வந்தவற்றை வாசித்து, திரும்பி வந்து அவரவரிடம் விபரம் சொல்வேன்.

அந்த ஒன்பது வீட்டாருள் கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். மகளுக்குக் கணினியில் எழுதத் தெரியாது. கையால் எழுதிக் கொடுப்பாள். அங்கே கடையொன்றில் வேலை செய்த தோழி அதைப் படமாக்கி எங்களுக்கு அனுப்புவாள். திரையில் அந்தக் கையெழுத்து மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கி வரும். தாயை அழைத்துச் சென்ற நாட்களில், அது இறங்கி முடியும்வரை அவள் திரையருகே குனிந்து நிற்பாள்.

ஒரு கடிதத்தையேனும் நான் அழித்ததில்லை. பிறர் வீட்டுக் கடிதத்தைக் கிழிப்பது எப்படி முறையாகும்?

பின்னர் தொடர்ந்து ஐந்து ஞாயிறுகள் பெட்டிக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. ஒன்பது வீட்டாருக்கும் ஒருசேர ஒன்றுமில்லை என்பது என்னை உறுத்தியிருக்க வேண்டும். அங்கே பெருநாள் காலம், வேலை அதிகம் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம், காரியாலயத்தில் கொடுத்த தபால் கடிதம் ஒன்றை அந்தத் தாய் என்னிடம் எடுத்து வந்தாள். மகள் எழுதியது. அந்த வீட்டார் தூரத்து ஊருக்குக் குடிபோகிறார்கள், தானும் போகிறாள், புது விலாசமும் டெலிபோன் நம்பரும் கிடைத்ததும் தோழி மூலம் ஈமெயிலில் அனுப்புவாள் என்று இருந்தது. கடிதத்தின் தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது.

"அப்ப இந்நேரம் வந்திருக்கணுமேங்க ஐயா."

"நாளைக்கே போய்ப் பாப்போம் தங்கச்சி."

மறுநாள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தாள். பெட்டியில் புதிதாக ஒன்றுமில்லை. கடை நடத்திய அம்மாவை அழைத்தேன். அவர் திரையின் மேற்பக்கத்தில் இருந்த சிவப்பு வரியைக் காட்டினார்.

"இது எவ்வளவு நாளா இருக்குங்க?"

"அது ஏதோ விளம்பரம்னு நெனச்சேன்."

"பெட்டி நெறஞ்சிருச்சுன்னு போட்டிருக்கு. கல்யாண ஆல்பம் மாதிரி படம் படமா சேத்து வச்சிருக்கீங்களே. பிரின்ட் எடுத்துட்டு அப்பப்ப அழிச்சிருக்கலாம்ல. அழிச்சது குப்பைக்கூடையில கெடக்கும், அதையும் காலி பண்ணணும்."

யாருடையதை அழிப்பது? மற்ற எட்டு வீட்டாரையும் நான் கேட்டிருக்கவில்லை. அவளே சொன்னாள்: "ஏம் மகளோடதையே எடுத்திருங்க. மத்தவங்க வாயில விழ வேணாம்."

நான்கு கடிதங்களை அச்செடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு அழித்தேன். சிவப்பு வரி மறைந்தது.

தபால் கந்தோரில் பெட்டி நிறைந்தால் கடிதம் மேசையில் காத்திருக்கும். இங்கும் அவ்வாறே என்று நம்பி, அரைமணி நேரம் இருவரும் திரையைப் பார்த்து அமர்ந்திருந்தோம். கடை அம்மா வந்து நின்றார்.

"இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?"

"நின்னுபோன கடிதம் வருமில்லீங்களா?"

"வராதுங்க ஐயா. எடம் இல்லாட்டி அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிரும். அவங்க மறுபடி அனுப்பினாத்தான்."

தோழிக்கு எழுதினேன். சில நாட்களில் பதில் வந்தது. திரும்பி வந்த ஆங்கில அறிவித்தலை, கடிதம் சேர்ந்ததற்கான ரசீது என்று எண்ணி அழித்துவிட்டாளாம். அனுப்பிய படத்தையும் அவள் வைத்திருக்கவில்லை, எழுதிய தாளை மகளே எடுத்துச் சென்றுவிட்டாள். பிறர் கடிதம் என்று வாசிக்காததால், போன ஊரின் பெயரும் தோழிக்குத் தெரியாது.

அதன் பின் ஒன்பது வீட்டாருக்கும் ஒன்பது பெட்டிகள் திறந்து கொடுத்தேன். வந்ததை அச்செடுத்து வைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து நீக்குக, குப்பைக்கூடையையும் காலியாக்குக, திரையில் விளங்காத வரி தோன்றினால் வெட்கப்படாமல் வினவுக, விலாசத்தை ஒரே வழியில் மட்டும் அனுப்பாதிருக்கப் பிள்ளைகளிடம் சொல்க. இவற்றைத் தாளில் எழுதிக் காரியாலயச் சுவரில் ஒட்டினேன். எல்லாம் சரியான அறிவுரைகள். அவளுக்கு அவற்றால் ஒரு பயனுமில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் தபாலில் மகளின் கடிதம் வந்தது. நம்பர் தந்தும் ஒரு தடவையேனும் பேசவில்லையே, தன்மேல் என்ன கோபம் என்று தாயைக் கேட்டிருந்தாள். ஏற்கெனவே தந்துவிட்டதாக எண்ணியதால், தன் விலாசத்தை எங்கும் எழுதவில்லை.

"இதுல நம்பர் போட்டிருக்காளாங்க?"

உறையைத் திருப்பிப் பார்த்தேன். தபால் முத்திரை, ஊர்ப் பெயர் தெரியாதபடி மைக்கறையாய் இருந்தது.

"இல்ல தங்கச்சி."

"இன்னொருக்கா பாருங்க ஐயா," என்றாள். இன்னொரு தடவை பார்த்தேன்.