மொட்டை மாடியில் நின்ற கம்பிகள்

காரைக்குடிக்கு மேற்கே புதிதாக எழும்பிய தெரு ஒன்றில், ஒரு கூடமும் இரண்டு அறைகளுமாக யூஜினியாவின் வீடு இருக்கிறது. சாக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் அவள் ஆசிரியை. வீட்டைக் கட்டியவர் அவள் கணவர் பெரியநாயகம். ஆள் வைத்துக் கட்டவில்லை. அவரே மேஸ்திரி, அவரே கொத்தனார். தளம் போட்ட அன்று தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டார்.

மேலே ஒரு மாடி எடுக்கவேண்டும் என்பது அவர் திட்டம். அதனால் தளத்தின் மேல் தட்டு ஓடு பதிக்கவில்லை. நாளைக்கு உடைக்கப்போவதை இன்றைக்கு எதற்குப் போடவேண்டும் என்பார். ஒன்பது தூண்களின் தலையிலும் இடுப்பு உயரத்துக்குக் கம்பிகளை விட்டுவைத்தார்.

மாடி வரவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு, திருப்பத்தூரில் ஒரு வீட்டு வேலையில் சாரம் சரிந்து அவர் கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. கைகள் தப்பின, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. வியர்வையும் போயிற்று என்பது டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகுதான் யூஜினியாவுக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குச் சூடு ஏறினால் வியர்த்து இறங்கும். அவருக்கு ஏறியது ஏறியதுதான்.

வெறும் கான்கிரீட் தளம் காலையிலிருந்து குடித்த வெயிலை எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழே இறக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் வாரிக் கொட்டியது. ஏ.சி. வாங்கிப் போட்டாள். அது ஓயாமல் ஓடியதே தவிர அறை குளிரவில்லை. கரண்ட் போனால் அதுவும் இல்லை. அவள் பள்ளியில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டுத் தேனம்மை வந்து ஈரத்துண்டு மாற்றிப் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தேனம்மை ஊரில் இல்லை. நாலரை மணிக்கு யூஜினியா கதவைத் திறந்து உள்ளே போனபோது பெரியநாயகம் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். உடம்பு கொதித்தது. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “யாரு?” என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து திரும்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் மருந்தைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார்; அந்த அறையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

முதலில் வந்த காண்ட்ராக்டர் நோட்டீஸ் பார்த்துக் கூப்பிட்ட ஆள். மாடியில் இரண்டு நிமிடம் நின்றார். வெள்ளைப் பெயிண்ட் இரண்டு கோட்டு அடித்தால் போதும், பத்து வருடத்துக்குக் கவலையே இல்லை என்றார். ஒரே நாளில் அடித்தும் முடித்தார்கள். ஐப்பசி மழையில் அது வற்றல் வற்றலாக உரிந்து மழைநீர்க் குழாயை அடைத்தது. கூடத்து மூலையில் ஈரம் இறங்கியது. அந்த ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஏமாந்ததைவிட யூஜினியாவுக்கு வேறொன்றுதான் குத்தியது. பெயிண்ட் அடித்த அன்று பெரியநாயகம் படுக்கையிலிருந்து, மேலே தூசி கூட்டுகிற சத்தமே கேட்கவில்லையே என்று சொல்லியிருந்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

அடுத்த பங்குனியில், கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி சொல்லி இனாமுல் ஹசன் என்ற காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். எப்போது வரட்டும் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் சூடு எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டார். சரியாக அந்த நேரத்துக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியநாயகத்தின் கட்டிலை ஒட்டி நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அப்புறம் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார், மாடிக்குப் போனார்.

செய்யவேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். உரிந்த பெயிண்டைச் சுரண்டி, வெடிப்புகளை அடைத்து, தண்ணீர் இறங்காத பூச்சு பூச வேண்டும். அதன்மேல் சூட்டைத் தடுக்கும் அட்டை, அட்டைக்கு மேல் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்துக் கலவை, கடைசியாக வெள்ளை ஓடு. மேற்குச் சுவரில் வெயில் நேரே விழாதபடி வெளியே ஒரு தட்டி. ஏ.சி. குளிர்ச்சி வெளியே போகாமல் கதவுக்கு ரப்பர் பட்டை. எல்லாம் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் நின்றார்.

“டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. அந்தக் கம்பி அம்புட்டும் துருப்பிடிச்சுத் தூண் தலை வெடிச்சிருக்கு. தண்ணி அதுவழியாத்தான் இறங்குது. அத அறுத்து மூடாம நான் மேல என்னத்தப் போட்டாலும் நிக்காது.”

“அப்ப மாடி எடுக்கிறது, பாய்?”

“இந்தத் தூணு மேல இனி வேணாம் டீச்சர்.”

அவர் போனபின் யூஜினியா அதைக் கணவரிடம் சொன்னாள். ஹசன் மேலே பேசியது அவர் காதில் பாதி விழுந்திருந்தது. வேலை வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். கம்பி அங்கே நின்றால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று நாள் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். இந்த ஆறு வருடத்தில் அவர் மாடியைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை. ஆனால் கம்பிகள் நிற்கிறவரைக்கும் வீடு முடியவில்லை. வேலை பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது சொன்னாள்.

“அன்னைக்கு என்னைய யாருன்னு கேட்டீக.”

பெரியநாயகம் துண்டை விலக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “நானா?”

“நீங்கதான். உங்களுக்கு நெனவில்ல. ஸ்கூல்ல போர்டுல எழுதிக்கிட்டு இருக்கும்போதுகூட எனக்கு அதுதான் கேக்குது.”

அவர் துண்டை வாங்கி மீதி முகத்தைத் தானே துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்து பையை வைப்பதற்குள், “தள மட்டத்தோட அறுத்து விட்டுறக் கூடாதுன்னு அந்தப் பாய்ட்ட சொல்லு,” என்றார். “சுத்தி உடைச்சு, ரெண்டு இஞ்சு உள்ள விட்டு அறுத்து, கலவை வச்சு மூடணும். இல்லேன்னா திரும்பவும் துரு ஏறும்.”

மே மாத விடுமுறையில் வேலை தொடங்கியது. ஹசனோடு பெத்தன் என்ற கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் வந்தார்கள். வெயிலுக்கு முன்பாக, காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வேலை. கம்பி அறுத்த அன்று யூஜினியா கட்டிலை விட்டு நகரவில்லை. மெஷின் சத்தம் தளத்தில் அதிரும்போதெல்லாம் பெரியநாயகம் எத்தனையாவது தூண் என்று எண்ணினார். ஆறாவது தூண் முடிந்ததும், “பிளேடு தேஞ்சிருச்சு, மாத்தச் சொல்லு,” என்றார். அவள் மேலே போனபோது பெத்தன் மாற்றிக்கொண்டுதான் இருந்தான்.

ஓடு பதித்த இரண்டாம் நாள் ஹசன் கணக்கு நோட்டோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரியநாயகம் உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்.

“பாய், நேத்துப் பூரா ஓட்டுக்கு நாலு தட்டு கேட்டுச்சு. இப்ப மூணு வரிசையா ரெண்டு தட்டுத்தான் கேக்குது. அங்குட்டு வடக்கு ஓரம்.”

ஹசன் முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு நோட்டை வைத்துவிட்டு மேலே போனார். வடக்கு ஓரத்தில் ஐந்து ஓடுகள் அடியில் கலவை நிறையாமல் இருந்தன. வெயில் ஏறுவதற்குள் முடிக்கலாம் என்று பெத்தன் அவசரப்பட்டிருந்தான். முணுமுணுத்துக்கொண்டே பெயர்த்துத் திரும்பவும் பதித்தான். அடுத்த நாளிலிருந்து ஹசன் காலையில் வந்ததும் மாடிக்குப் போகவில்லை. முதலில் அறைக்குள் வந்து இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பெரியநாயகத்திடம் சொன்னார். பெத்தனும் ஒரு நாள் அவர் கேட்குமுன் தானாகவே வந்து, கலவை எந்தப் பதத்தில் இருக்கட்டும் மேஸ்திரி என்று கேட்டுவிட்டுப் போனான்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் ஹசனும் பெத்தனும் தெருக்காரர் இரண்டு பேரும் சேர்ந்து, பெரியநாயகத்தை நாற்காலியில் வைத்துக் கட்டி, வெளிப்படிக்கட்டு வழியாக மேலே தூக்கினார்கள். யூஜினியா பின்னால் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். விழுந்த பிறகு அவர் மாடிக்கு வருவது அதுதான் முதல் தடவை. தூண்கள் இருந்த இடம் தெரியவில்லை. தளம் முழுக்க ஒரே வெள்ளை. வெகுநேரம் அவர் தெருவைத்தான் பார்த்தார். புதிதாக யார் யார் மாடி எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு ஒரு குடம் தண்ணீர் கேட்டார். கிழக்கு மூலையில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் ஓடுகளின்மேல் பரந்து, ஒன்றுகூடி, குழாய் வாயைத் தேடிப் போயிற்று. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கி நின்றது.

“அந்த எடம் ஒரு நூல் அளவு தாழ்ந்துபோச்சு,” என்றார் பெரியநாயகம். “பரவால்ல. நான் செஞ்சாலும் வரும்.”

பெத்தன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

மீதியிருந்த கத்திரி வெயிலில் அறை ஊட்டியாகிவிடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னைவிட ஐந்து டிகிரி குறைந்தது. ஏ.சி. ஓடினால் இப்போது குளிர்ந்தது. கரண்ட் போனாலும் ஒரு மணி நேரம் தாங்கியது. ஐந்து டிகிரி என்பது எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு யூஜினியாவால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. விடுமுறையின் கடைசி வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவரும் தூங்கினார், பக்கத்தில் பாய் விரித்து அவளும் தூங்கிப்போனாள். எழுந்தபோது ஐந்து மணி.

ஆடி மாதத்தில் ஹசன் யூஜினியாவுக்குப் போன் செய்தார். சிங்கம்புணரியில் ஒரு பழைய வீட்டுத் தளம். படம் அனுப்பியிருக்கிறேன், என்ன தோன்றுகிறது என்று மேஸ்திரியிடம் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். பெரியநாயகம் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு அவரே ஹசனைக் கூப்பிட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.