பாடமாக்கிய துயரம்

என் மகன் இறந்த ஐந்தாம் வாரம், லண்டன் இல்ஃபோர்டில் அவனுடைய வீட்டில், பேத்தி தன் ஆங்கிலச் சிறுகதைப் புத்தகத்தை என் முன் விரித்தபோது எழுந்த பசை மணம், யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சில் தரைமட்டமான என் வகுப்பறையைக் கொண்டுவந்து நிறுத்தியது. தகரக் கூரையின் கீழ் வெந்தபடி, நாங்கள் கண்டிராத பனியில் வளர்ந்த பிள்ளைகளின் கதைகளைப் படித்தோம், அவர்களின் துயரங்களுக்கு வாத்தியார் சொல்லித்தந்த விடைகளை, குரல் தாழ்ந்தால் அவர் “சத்தமாச் சொல்லுங்கோடா, இதென்ன செத்தவீடே?” என்று அதட்ட, வாய்ப்பாடுபோல ஒப்புவித்தோம். தாயை இழந்த சிறுவன் ஏன் அழவில்லை என்ற கேள்விக்கும் ஒரு விடை இருந்தது. பரீட்சையில் அதற்கு எனக்கு எப்போதும் முழுப் புள்ளி.

பேத்திக்கும் ஏறக்குறைய அதே கேள்விதான். நான் தயங்காமல் வாத்தியாரின் விடையையே சொன்னேன். பாதி எழுதியவள் பேனாவை வைத்தாள்.

“அப்பப்பா, அப்பான்ர ஃபியூனரல்ல நீங்களும் அழேல்லை. ஏன்?”

“எழுதி முடியுங்கோ, பிள்ளை.”

“வேண்டாம். நான் அம்மாட்டக் கேக்கிறன்.”

சற்று நேரத்தில் அடுத்த அறையில் தாயும் மகளும் அழுவது கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது. நான் எழுந்து போகவில்லை.