ஒரு சாண் கட்டை

ஆடி பிறந்தால் விளாங்குடியில் எங்கள் வீட்டு வாசல் கதவுக்குப் பேய் பிடித்துவிடும். காற்று அடிக்கிற போதெல்லாம் தடாரென்று அறைந்து சாத்திக்கொள்ளும். அதை அடக்க என்னிடம் ஒரு கட்டை இருக்கிறது. ஒரு சாண் நீளம், உள்ளங்கை அகலம், சதுரமாக இழைத்த தேக்கு. ஒரு முனை தேய்ந்து வழவழவென்றும், மறுமுனை ரம்பப் பல் பட்டுச் சொரசொரவென்றும் இருக்கும். நேற்று காலை கதவு அறைந்த அறையில் கையிலிருந்த காபி சேலையில் கொட்டியது. குனிந்து பார்த்தால் கட்டையைக் காணோம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், செருப்பு அலமாரியில் என்று வீட்டையே புரட்டிவிட்டேன். “ஒரு கட்டைக்காம்மா இம்புட்டு அலப்பறை?” என்றான் மகன். அவனுக்கு உட்கார்ந்து கதை சொல்ல எனக்கு அப்போது பொறுமை இல்லை. இங்கே சொல்கிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். மின்வெட்டு ஊரையே ஆட்டிப்படைத்த வருடங்கள் அவை. பகலில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலக் கரண்ட் இருந்தால் அன்றைக்குத் திருவிழா. எங்களிடம் இருந்த ஒரே ஜெனரேட்டர் பிரசவ அறைக்கே மூச்சு வாங்கியது. துணி துவைக்கும் மின்சார மெஷின் ஊமையாக நின்றது. பிரசவ ஆஸ்பத்திரியில் துணிக்குப் பஞ்சமா? படுக்கை விரிப்பு, டாக்டரம்மாவின் கோட்டு, பிள்ளைகளைச் சுற்றுகிற பழைய வேட்டித் துண்டுகள் என்று மத்தியானத்துக்குள் மலையாகச் சேர்ந்துவிடும். வேறு வழியில்லாமல் டாக்டரம்மா, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கை மெஷினை வெளியே இழுத்துப்போடச் சொன்னார். முன்னொரு காலத்தில் அந்தக் கட்டடத்தில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போனது என்பார்கள்.

நாலு தடித்த தேக்குக் கால்களின் மேல் ஒரு மரத்தொட்டி. மூடிக்கு உட்புறம் நாலு முளை வைத்த வட்டப் பலகை ஒன்று, பசுவின் மடிபோலத் தொங்கும். மூடிக்கு மேலே கைப்பிடி. அதை இடமும் வலமுமாக ஆட்டினால் உள்ளே முளைகள் துணியை இப்படியும் அப்படியும் அலசும். பக்கவாட்டில் துணி பிழிய இரண்டு மர உருளைகள். அவ்வளவுதான் மெஷின். ஆட்டுகிறவளுக்குத் தோள்பட்டையில் உயிர் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஆஸ்பத்திரித் துணிகளையெல்லாம் துவைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தத் தோள்தான் போயிருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு புருஷனோடு மொபெட்டில் போகும்போது, பைபாஸ் ரோட்டு வேகத்தடையை அவர் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த அக்கா வலப்பக்கமாக விழுந்தார். கட்டுப் பிரித்த பிறகும் வலக்கை காதுக்கு மேலே எழும்பவில்லை. வெளிச் சலவைக்குப் போட்டுவிடலாமா என்று டாக்டரம்மா இரண்டு தடவை என்னிடமே கேட்டார். தை வரைக்கும் பார்ப்போம் என்று நான் இழுத்துவைத்திருந்தேன். அக்காவுக்கு அது தெரியும். ஒருநாள் துணியை உதறிக்கொண்டே சொன்னார்: “வேலை போனா நான் வீட்ல ஒக்காந்து அவரு மொகத்தப் பாக்கணும். அவரு என் தோளப் பாப்பாரு. அப்புறம் அதுதான் பொழப்பு, தங்கச்சி.”

அவர் வீட்டுக்காரரை நாங்கள் எல்லோரும் ஃபிட்டர் அண்ணன் என்போம். பேரையூர்ப் பக்கத்துக்காரர். பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் ஆறடிக்குக் குறையாது. எனக்கும் உயரத்துக்குக் குறைச்சலில்லை, ஆஸ்பத்திரியில் ஒட்டடைக்கம்பு என்றால் நான்தான். அக்கா எங்கள் இருவருடைய தோளுக்கும் வரமாட்டார். விழுந்ததைப் பற்றி அண்ணன் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கை மெஷின் வெளியே வந்த மறுநாளே சாக்குப்பையில் ஸ்பேனர், திருப்புளியோடு வந்து நின்றார். “ஏத்தா, இத இப்பிடியே விட்டா உங்க அக்காளுக்கு மிச்சக் கையும் போயிரும். ரெண்டு நாள் குடு,” என்றார்.

முதலில் எங்கிருந்தோ ஒரு கரும்புச்சாறு வண்டியின் கைப்பிடி வைத்த இரும்புச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். அதைத் தொட்டியின் பக்கவாட்டில் நிறுத்தி, பழைய பல்சக்கரங்கள் இரண்டைக் கோத்து, சக்கரம் சுற்றினால் உள்ளே முளைப்பலகையும் சுற்றும்படி செய்தார். சக்கரத்தின் கனத்துக்கு, ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் போதும், கையை எடுத்தாலும் தானாக நாலு சுற்றுச் சுற்றும். வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று நாங்கள் கைதட்டினோம். மூடியைத் திறந்தால் உள்ளே துணி இல்லை, வடம் இருந்தது. ஒரே பக்கமாகச் சுற்றியதில் பதினோரு படுக்கை விரிப்பும் பின்னிப் பிணைந்து தேர் இழுக்கத் தோதாக ஆகிவிட்டன. அதைப் பிரிக்க மூன்று நர்ஸுகளுக்குச் சாயங்காலம் வரை ஆனது.

அண்ணன் அசரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பஸ்ஸின் வைப்பரைப் பிரித்து எடுத்து வந்தார். “மழையில பஸ்ஸு கண்ணாடியப் பாத்திருக்கியா? உள்ள மோட்டாரு ஒரே பக்கமாத்தான் சுத்துது. வெளிய குச்சி மட்டும் போயிட்டுப் போயிட்டு வருதுல்ல? அந்த வித்தைதான்,” என்றார். சக்கரத்தில் ஒரு முளை அடித்து, அதிலிருந்து ஒரு கம்பியைக் கொண்டுபோய் முளைப்பலகையின் தண்டோடு பூட்டினார். சக்கரம் ஒரே பக்கமாகச் சுற்ற, பலகை பழையபடி இடமும் வலமும் ஆடியது. நான் படித்த நர்ஸிங்கில் இப்படி ஒரு அழகை எங்கும் பார்க்கவில்லை. பிழிகிற உருளைகளுக்கு சைக்கிள் டியூபை உறையாக மாட்டி, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்தார். முதல் ஸ்பிரிங்கில் இறுக்கம் கூடிப்போய் டாக்டரம்மா கோட்டின் பட்டன்கள் அப்பளமாக நொறுங்கின. ஒரு வாரம் டாக்டரம்மா ஊக்கு குத்திக்கொண்டுதான் வார்டுக்கு வந்தார். பிறகு அண்ணன் அதையும் சரிசெய்தார். அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடிக்கத் தொட்டியின் அடியில் பித்தளைக் குழாய் ஒன்று வைத்தார். அதில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

தினமும் மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவருவார். வந்தவுடன் சக்கரத்தை ஒற்றைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். “பூ மாதிரி சுத்துது பாரு. இப்ப எப்படி, தோதா இருக்கா?” “இருக்குங்க,” என்பார் அக்கா. அதற்கு மேல் பேச்சு கிடையாது. தூக்கு கைமாறும். எங்களுக்கெல்லாம் அந்தக் காட்சி பழகிப்போயிற்று. மெஷின் நன்றாக இருக்கிறது, அக்காவும் நன்றாக இருக்கிறார் என்றே நானும் நினைத்தேன்.

ஆனால் அக்காவின் மேசையில் வெந்நீர்ப் பை வந்தது. பிறகு வலி மாத்திரை வந்தது. தலை வாரக் கை எழும்பவில்லை என்று ஒருநாள் என்னையே கொண்டை போட்டுவிடச் சொன்னார். மெஷின் இத்தனை லேசாகியும் கை ஏன் மோசமாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று டாக்டரம்மாவின் கோட்டு ஒன்றைத் தேடித் துவைக்கிற கூடத்துக்குள் எதேச்சையாக நுழைந்தேன். அக்கா, பால் பாக்கெட் அடுக்குகிற, அரைச் சாண் உயரப் பிளாஸ்டிக் டப்பைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் நின்று சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அதன்மேல் நின்றும், கைப்பிடி ஒவ்வொரு சுற்றிலும் உச்சிக்குப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே சாய்த்து எக்கினார். பழைய கைப்பிடி குறுக்கேதான் ஆடியது. அண்ணனின் சக்கரம் கையைக் காதுக்கு மேலே தூக்கச் சொன்னது. அண்ணன் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் தன் உயரத்துக்கு நின்று சோதித்துப் பார்த்திருந்தார். நானும் பத்துத் தடவை சுற்றிப் பார்த்திருக்கிறேன். இரண்டு பனைமரங்களுக்கும் எதுவும் உறைக்கவில்லை.

“அவர்ட்ட சொல்லிராத தங்கச்சி,” என்றார் அக்கா. “விழுந்த நாள்ல இருந்து அந்த மனுசன் சரியாத் தூங்கல. இதச் செய்ய ஆரம்பிச்ச பெறகுதான் கொறட்டைச் சத்தமே கேக்குது. இதுவும் சரியில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?” அண்ணன் தூக்கோடு வருகிற நேரத்துக்கு அந்த டப்பைக் காலால் தள்ளி, நிமிர்த்தி, சோப்பையும் கிளிப்பையும் போட்டு வைத்துவிடுவாராம். இரண்டு மாதமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்தச் சத்தியம் நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் சோப்புத் தண்ணீரில் டப்பு வழுக்கி அக்கா சரிந்தார். நல்லவேளை, தொட்டியைப் பிடித்துக்கொண்டார், முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இன்னொரு தரம் அந்தத் தோளில் விழுந்தால் கை அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். மத்தியானம் அண்ணனை வாசலிலேயே மறித்தேன். “அண்ணே, அக்காவுக்கு எட்டல,” என்றேன்.

அவர் தூக்கை என் கையில் கொடுத்தார். நேரே கூடத்துக்குள் போனார். அக்கா மருந்து கட்டிக்கொள்ள வார்டுக்குப் போயிருந்தார். மெஷினுக்கு முன்னால் நின்று, மெல்ல முழங்காலை மடக்கி, அக்காவின் உயரத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டார். வலக்கையை விலாவோடு ஒட்டிவைத்து, காதுக்கு மேலே தூக்காமல் சக்கரத்தைச் சுற்றப் பார்த்தார். முக்கால் சுற்றில் கை நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். ஆறடி ஆள் பாதிக் குந்தலில் நின்று தவிப்பதைப் பார்த்துப் பின்னால் வந்த இளம் நர்ஸுகள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்படியே எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் விடிந்ததும் ரம்பத்தோடு வந்தார். தொட்டியைக் கீழே இறக்கி, நாலு கால்களிலும் ஒரு சாண் அளந்து அறுத்தார். அக்கா வந்து, ஏன் என்று கேட்டார். “தரை சாய்வா இருக்கு. மிசினு ஆடுது. காலக் கொறச்சாத்தான் நிக்கும்,” என்றார். அக்கா விளக்குமாற்றை எடுத்து மரத்தூளைப் பெருக்கித் தள்ளினார். தொட்டி இறங்கியதில் பித்தளைக் குழாய்க்கு அடியில் வாளி நுழையவில்லை. பெருமையாக வைத்த குழாயை அவரே கழற்றி எறிந்துவிட்டு, ஒரு ரப்பர் டியூபை மாட்டிவிட்டார். அன்றைக்கு அக்கா தரையில் நின்று சக்கரத்தைச் சுற்றினார். கைப்பிடி உச்சிக்குப் போனபோது அவர் கை காதுக்குக் கீழேயே இருந்தது. தையும் வந்து போனது. வெளிச் சலவைப் பேச்சை டாக்டரம்மா மறுபடி எடுக்கவில்லை. கரண்ட் திரும்பிய பிறகும் பிள்ளைத் துணியை மட்டும் அக்கா அதில்தான் துவைத்தார்.

பிறகு அவர்கள் பேரையூருக்கே போய்விட்டார்கள். அண்ணன் தவறிய செய்தி கேட்டு நான் போனபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து அக்கா இந்தக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். அறுத்த கால் துண்டுகள் நாலையும் அண்ணன் தூர எறியாமல் துடைத்து வைத்திருந்தாராம். “தரை சாய்வா இருக்குன்னாரு தங்கச்சி. அந்தத் தரையத் தெனம் கழுவுனவ நான். அது சாயுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?” என்றார். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தவர், முடிக்கும்போது அழுதார். “நீ சொல்லிட்டேன்னு அன்னைக்கே தெரியும். அவரு சொல்லாததால நானும் கேக்கல. எட்டலன்னு மொதல் நாளே ஒரு வார்த்தை நான் சொல்லிருக்கணும். ரெண்டு மாசம் வீணாப் போச்சே.”

நேற்று சாயங்காலம் வரை கட்டை கிடைக்கவில்லை. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வரவே, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். எனக்கு முன்பே மருமகள் வேலையிலிருந்து வந்து மாடிக்குப் போயிருந்தாள். கொடிக்கயிற்றுக்கு நேர் கீழே, படுக்கப்போட்ட அந்தத் தேக்குக் கட்டையின் மேல் இரண்டு பாதங்களையும் நெருக்கி வைத்து, குதிகாலை எக்கி, போர்வையின் கிளிப்பைத் தொட முயன்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. கொடியைக் கட்டியது நான். என்னைப் பார்த்ததும் அவள் சட்டென்று இறங்கி, கட்டையைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

“நல்லாத்தான் இருக்கு அத்தை. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல,” என்றாள், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

நான் கயிற்றின் இரண்டு முனையையும் அவிழ்த்தேன். ஒரு சாண் இறக்கி ஆணியில் முடிச்சுப் போட்டேன். “இங்க வந்து நில்லும்மா,” என்றேன். “கையத் தூக்கு. இப்ப எட்டுதா, உண்மையச் சொல்லு.” அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் அத்தை,” என்றாள்.